நாற்பத்தொன்றில் முடியும் எண்

சங்குகுளித் தெருவுக்கு முதல் எண் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. ரொட்டிக்கடை பெர்க்மான்ஸ் மக்ரூனுக்காக முட்டை வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருந்தான். நுரை பொங்கி வரும் நேரத்தில் நாக்குக்கு அடியில் உப்புக்கல் மாதிரி ஏதோ உறுத்தியது. துப்பிவிடலாம் என்று வாயைத் திறந்தவன், "நாலு, பூஜ்யம், ஏழு, ஏழு, ஒண்ணு, ஒம்பது" என்று தன் குரலே சொல்வதைக் கேட்டான். அது யாருக்குப் போய்ச் சேர வேண்டியது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று பிற்பாடு பலரும் கேட்டபோது, தாகம் எடுத்தா தண்ணிக்குன்னு தெரியுதுல்ல, அப்படித்தான் என்று சொன்னான். முழங்கைவரை நுரையோடு நாலு வீடு தாண்டிப் போய், கஸ்பார் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒரு நம்பர் வந்துருக்கு."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. வாயில வந்துச்சு."

"குடிச்சிருக்கியா?"

"மாதா மேல சத்தியமா இல்ல. நாலு, பூஜ்யம், ஏழு…"

கஸ்பார் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருக்கு எழுபத்தொரு வயது. தூத்துக்குடி துறைமுகத்து இழுவைக் கப்பலில் முப்பத்து நாலு வருடம் எஞ்சின் டிரைவராக இருந்தவர். எஞ்சின் அறையின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது என்பதால் கையை ஆட்டியே காரியத்தை முடித்துப் பழகியவர், கரைக்கு வந்த பிறகும் அப்படியே இருந்துவிட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி ரெஜினாள் பேசினாள். மீன்காரியோடு, கேபிள்காரரோடு, பங்குச்சாமியாரோடு, எதிர்வீட்டோடு, வாசலில் படுத்துக்கிடக்கும் நாயோடு. பங்கின் மாதச் செய்திமடலை வீட்டுக் கம்ப்யூட்டரில் தயார் செய்ததும் அவள்தான். திருவிழா, புதுநன்மை, கல்யாணம் எதுவானாலும் அவள்தான் படம் பிடிப்பாள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் ஓய்ந்த நேரமே கிடையாது. பதினாலு மாதத்துக்கு முன்னால் அவள் இறந்துபோனாள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாரிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று கஸ்பாருக்குத் தெரியவில்லை. தெருவும் சில நாள் வந்து பார்த்துவிட்டு, அவரை அவர் போக்கிலேயே விட்டுவிட்டது.

ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவள் குரல் அவருக்கு மறந்துபோயிற்று. முகம் இருந்தது, நடை இருந்தது, முழங்கை மடிப்பில் இருந்த மச்சம் இருந்தது. வாயை அசைத்து ஏதோ சொன்னாள், சத்தம் வரவில்லை. நாற்பத்து மூன்று வருடம் விடாமல் கேட்ட குரல். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே போய், அவள் போன பிறகு யாரும் தொடாத கம்ப்யூட்டரின் மேல் கிடந்த துணியை எடுத்தார்.

அது அவரை உள்ளே விடவில்லை. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெனோவாவைக் கூப்பிட்டார். ஜெனோவா நாற்பது வயதுக்காரி, ரெஜினாளுக்குச் செய்திமடல் அச்செடுத்துக் கொடுத்தவள். பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்த பொட்டு பேட்டரி செத்துப்போனதால் தேதி பதினைந்து வருடம் பின்னால் போய் நிற்கிறது என்றாள். தேதியைச் சரிசெய்தாள். பிரவுசரில் தேங்கிக்கிடந்த பழைய குப்பையையெல்லாம் துடைத்தாள். படங்களும் குரல்களும் இந்தப் பெட்டியில் இல்லை, எல்லாம் கிளவுடில் இருக்கிறது, கணக்குக்குள் போனால்தான் எடுக்க முடியும் என்றாள். அப்புறம் பாஸ்வேர்டாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். கல்யாண நாள். ரெஜினாளின் அம்மா பெயர். மாதா கோயில் திருவிழாத் தேதி. கஸ்பார் என்ற பெயரோடு அவர் பிறந்த வருடம்.

"ஒங்க பேரும் இல்ல, மாமா."

"சரி."

மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றுவதற்கு ஓடிபி அனுப்புவோம் என்றது திரை, நாற்பத்தொன்றில் முடியும் எண்ணுக்கு. அது ரெஜினாளின் எண். ரீசார்ஜ் செய்யாமல் கிடந்து போன வருடமே செத்துப்போன எண். ஜெனோவா போன் கடைக்கு அலைந்தாள், கிடைக்காது என்றார்கள். கணக்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு எழுதினாள். நீங்கள்தான் நீங்கள் என்று எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை, வருந்துகிறோம் என்று மூன்றாம் நாள் பதில் வந்தது. கூடவே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: நெடுநாளாகத் திறக்கப்படாத இந்தக் கணக்கில் உள்ள அனைத்தும் இம்மாதம் முப்பதாம் தேதி அழிக்கப்படும்.

அன்று பதினெட்டாம் தேதி. ஜெனோவா கடைக்குத் திரும்பிப் போன பிறகு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், எண்ணை அனுப்பு என்ற பொத்தானைக் கஸ்பார் தாமே ஒருமுறை அழுத்தினார். அப்போது மணி நாலு. அடுத்த நிமிடந்தான் பெர்க்மான்ஸ் நுரைக் கையோடு வந்து நின்றான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் திரையில் ஆறு கட்டங்கள் காலியாக இருப்பதைக் கஸ்பார் பார்த்தார். எழுந்து ஓடி, ரொட்டிக்கடையில் போய் நின்று, "திரும்பச் சொல்லு" என்றார். வீட்டுக்கு வந்து ஒற்றை விரலால் அடித்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் கடந்துவிட்டது. இந்த எண் காலாவதியாகிவிட்டது என்றது திரை, நாளை இதே நேரம் முயலவும் என்றது.

ஜெனோவா ஆச்சரியப்படவில்லை. "நம்பர் செத்துப்போச்சு. ஆனா அனுப்புனது எங்கயாவது போய்ச் சேரணும்ல, மாமா," என்றாள். அதற்குமேல் அந்தத் தெருவில் யாரும் காரணம் தேடவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு அது துணி தேய்க்கிற சுடலைக்கண்ணுவுக்கு வந்தது. அவர் தெருவில்தான் இருந்தார், ஆனால் முழங்கால் வலிக்காரர். போனில் சொல்லிவிடலாம் என்று ஜெனோவாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் ஆறு என்று சொன்னது அவள் காதில் மூன்று என்று விழுந்தது, இரண்டு என்றது எட்டு என்று விழுந்தது. போன் வழியாக அது சரியாக வராது, வாயால் வாசலில் வந்து சொன்னால்தான் உண்டு என்பது அப்படித்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் பேசத் தெரியாத பத்து மாதக் குழந்தைக்கு வந்தது. அது கையைத் தட்டித் தட்டிச் சொல்ல, தாய்க்காரி எண்ணிக்கொண்டே அதைத் தூக்கி ஓடிவந்தாள். ஐந்து எண்வரை சரியாக வந்தது. ஆறாவதற்குக் குழந்தை சும்மா இருந்தது. அது பூஜ்யம் என்று எல்லோருக்கும் உறைப்பதற்குள் நேரம் போய்விட்டது. நாலாம் நாள் மீன் ஏலக்கூடத்தில் நின்ற ஒருத்திக்கு வந்து, அவள் ஆட்டோ பிடித்து வந்தும் இரண்டு நிமிடம் தாமதம். ஐந்தாம் நாள் எண்ணும் சரி, நேரமும் சரி, கஸ்பாரின் விரல்தான் தவறி ஏழுக்குப் பதில் நாலைத் தொட்டது.

அதன் பிறகு தெரு அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. நாலு மணிக்கு வெளியூரில் இருக்கக் கூடாது என்று வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டி அனுமதி கேட்டுப் புறப்பட்டார்கள். உப்பளத்திலிருந்து வரும் வேன் தெருமுனையில் மூன்றே முக்காலுக்கே இறக்கிவிட்டது. தெருவில் யாரும் வண்டியைக் குறுக்கே நிறுத்தவில்லை. மூன்று ஐம்பதிலிருந்து வெற்றிலை போடாதே, பிஸ்கட் தின்னாதே, வாயைச் சும்மா வை என்று வீட்டுக்கு வீடு சத்தம் கேட்டது. எண் வந்த வீட்டார் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள். வராத வீட்டார், எங்க வீட்டுலயும் ரெஜினாக்கா படம் புடிச்சிருக்காவளே, எங்களுக்கு ஏன் வரல என்று ஜெனோவாவிடம் போய்க் குறைப்பட்டார்கள். பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அதைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. ஆனால் சாயங்கால ஜெபமாலையை நாலு மணியிலிருந்து நாலரைக்கு மாற்றினார்.

கஸ்பார் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. எண்ணோடு வந்தவர்கள், காலாவதியாகிவிட்டது என்று திரை சொன்ன பிறகும் உடனே எழுந்து போகவில்லை. வந்ததற்கு ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்கள், ரெஜினாளைப் பற்றி ஒன்று சொன்னார்கள். தான் அடகு வைத்த கொலுசை மீட்டுத் தந்தவள் என்றாள் ஒருத்தி. தன்னைத் திட்டித் திட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் என்றான் பெர்க்மான்ஸ். எண்ணே வராதவர்களும் கையில் ஒரு கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். கஸ்பாருக்கு அவர்கள் பெயர்கள் தெரிய ஆரம்பித்தன. அவர்களில் யாராவது ஒருவரைப் போல அவள் குரல் இருந்திருக்குமா என்று அவர் ஒவ்வொருவர் குரலையும் உற்றுக் கேட்டார். இல்லை.

எதிர்வீடு மட்டும் சாத்தியே இருந்தது. அது மிக்கேலம்மாள் வீடு. அவளும் ரெஜினாளும் ஒரே முறுக்கை உடைத்துத் தின்னும் சிநேகிதிகளாக இருந்தவர்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் மிக்கேலம்மாளின் ஒரே மகன் ரோமால்டு கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. மூன்று மாதம் பொறுத்துவிட்டு, பங்கில் எல்லோரும் சொன்னதால், ரெஜினாள் செய்திமடலில் மறைந்தோர் பக்கத்தில் அவன் படத்தைப் போட்டாள். மிக்கேலம்மாள் அந்தத் தாளோடு வந்து இந்த வாசலில் நின்று, "கரைக்கு வராத புள்ளய செத்தவன்னு போட ஒனக்கு யாருட்டி சொன்னா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ரெஜினாளின் அடக்கத்துக்கும் வரவில்லை.

முப்பதாம் தேதி வந்தது. நாலு மணிக்குக் கஸ்பார் பொத்தானை அழுத்தினார். வாசலில் ஜெனோவா நின்றாள், அவளுக்குப் பின்னால் தெரு முழுக்க ஆட்கள் வாயைப் பாதி திறந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம் ஆயிற்று. யாருக்கும் வரவில்லை. அப்புறம், சொல்லிவைத்தாற்போல, எல்லோரும் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார்கள். போய்த் தட்ட யாருக்கும் தைரியம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மிக்கேலம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நாக்கின் அடியில் ஆறு கல் கிடந்தன. விழுங்கப் பார்த்தாள், அவை இறங்கவில்லை.

ஆறாவது நிமிடம் அவள் கதவைத் திறந்தாள். ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் தெருவைக் கடந்து, பதினோரு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நுழைந்தாள்.

"வந்துருக்கு," என்றாள்.

"சொல்லுங்க."

"சொல்லத்தான் வந்தேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். அந்தப் பொட்டிக்குள்ள எம்புள்ள படம் இருக்குமா, அண்ணே?"

"இருக்கும்னு நெனைக்கேன்."

"அதுக்குக் கீழ, செத்துட்டான்னு எழுதியிருக்கும்."

"இருக்கும்."

"தெறந்ததும் அதை அழிச்சிருவேன்னு சொல்லுங்க. நம்பரைச் சொல்லிட்டுப் போறேன்."

ஜெனோவா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கஸ்பார் வாழ்நாள் முழுக்க எதற்கும் ஒரு வார்த்தைக்குமேல் சொன்னதில்லை. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நான் அழிக்க மாட்டேன்," என்றார். "அது அவ வச்சது. தப்பா வச்சாலும் அவ வச்சது. எனக்கு அவ கொரலு மறந்துபோச்சு, மிக்கேலு. முகம் அப்படியே இருக்கு, கொரலு வரமாட்டேங்கு. அதுக்காகத்தான் இவ்வளவும். நீங்க சொல்லாட்டியும் நான் குத்தமா நெனைக்க மாட்டேன். ஒங்களுக்கு அவன் கொரலு இருக்கா?"

மிக்கேலம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கொரலு இருக்கு," என்றாள். "தெனமும் காலையில அம்மாங்கான். முகந்தான் போச்சு. வீட்ல ஒரு படம் கெடையாது. யாராவது மாலையப் போட்டுருவாவன்னு பயந்து எல்லாத்தையும் நாந்தான் அடுப்புல போட்டேன்."

அவள் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எட்டு," என்றாள். கஸ்பார் சட்டென்று உட்கார்ந்து அழுத்தினார். "ரெண்டு. ரெண்டு. அஞ்சு. பூஜ்யம்." கடைசி எண்ணுக்கு முன்னால் அவள் திரையைப் பார்த்தாள். "மூணு."

ஒன்பதாவது நிமிடம் முடியும்போது கணக்கு திறந்தது. தெருவில் கை தட்டினார்கள், யாரோ பெர்க்மான்ஸைக் கட்டிப்பிடித்தார்கள். ஜெனோவா புது பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்து, பழைய நம்பரை எடுத்துட்டு ஒங்க நம்பரைச் சேத்துருவமா மாமா என்று கேட்டாள். நாளைக்குப் பாத்துக்கலாம் என்றார் கஸ்பார்.

ரோமால்டின் படங்கள் பதினாறு இருந்தன. செய்திமடலுக்காக எடுத்தது ஒன்றுதான், மற்றவை சும்மா எடுத்தவை. ஒன்றில் அவன் வலை மேல் படுத்துத் தூங்கினான், ஒன்றில் கேமராவைத் தட்டிவிடக் கையை நீட்டினான். மிக்கேலம்மாள் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மறைந்தோர் பக்கத்தையும் பார்த்தாள்.

"இந்தச் சட்டை எனக்கு மறந்தே போச்சு," என்று மட்டும் சொன்னாள். ஜெனோவா அச்செடுத்துக் கொடுத்த படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எல்லோரும் போன பிறகு கஸ்பார் ஒவ்வொன்றாகத் திறந்தார். நாலாயிரத்துச் சொச்சம் படங்கள், எல்லாம் ஊர் முகங்கள். ரெஜினாள் எதிலும் இல்லை, படம் பிடித்தவள் அவள்தானே. அவரும் இருந்தார், ஓரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு. குரல் இருந்தது ஒரே ஒரு வீடியோவில், முப்பத்தேழு நொடி. ஜன்னலோரத்தில் ஒரு தட்டில் செம்பருத்தி மொட்டுகள். அவள் அதைப் படம் பிடிக்கப் பார்க்கிறாள், குறுக்கே அவர் நிழல் விழுகிறது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிய."

"ம்."

"தள்ளி நில்லுங்கன்னா, கேட்டாத்தான?" அப்புறம் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

அவர் அதை அன்று முழுக்கக் கேட்டார். மறுநாளும் கேட்டார். குரல் திரும்பி வந்துவிட்டது, பல் துலக்கும்போதும் இருந்தது. தள்ளி நில்லுங்க என்றது. அதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு யாரும் வரவில்லை. வர என்ன இருக்கிறது? வேன் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. சாமியார் ஜெபமாலையை நாலு மணிக்கே திருப்பினார். தெருவில் குறுக்கே வண்டிகள் நின்றன. பெர்க்மான்ஸ் எதிரே வந்தால், எல்லாம் நல்லபடியா தெறந்துருச்சுல்ல அண்ணாச்சி என்று கேட்டுவிட்டுப் போனான். தெறந்துருச்சு என்று இவரும் சொன்னார். கதவை இரண்டு நாள் திறந்து வைத்தார். அப்புறம் நாய் உள்ளே வருகிறது என்று சாத்திவைத்தார். பன்னிரண்டு நாளில் கேட்ட குரல்கள் எல்லாம் வீட்டுக்குள் இல்லாமல் இருந்தது முன்பு ரெஜினாள் இல்லாததைவிட வேறு மாதிரி இருந்தது. இது அவருக்குப் புதிது. எழுபத்தொரு வருடத்தில் அவருக்கு ஆட்கள் வேண்டியிருந்ததில்லை.

ஒன்பதாம் நாள், மூன்று ஐம்பத்தெட்டுக்கு, அவர் கணக்கை விட்டு வெளியேறினார். மறுபடி உள்ளே வர அது பாஸ்வேர்டைக் கேட்டது. பாஸ்வேர்ட் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்பதைத் தொட்டார். நாற்பத்தொன்றில் முடியும் எண்ணுக்கு அனுப்பவா என்று கேட்டது. நாலு மணி ஆனதும் அனுப்பு என்பதை அழுத்தினார். கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு நிமிடம். தெருவில் ஒரு பைக் போனது. இரண்டு நிமிடம். யாரோ வாளியை இழுத்தார்கள், அவ்வளவுதான். இனி வராது போலிருக்கிறது என்று நினைத்து எழுந்தபோது நாக்குக்கு அடியில் உறுத்தியது. வாய்க்குள் ஏதோ விழுந்துவிட்டது என்று விரலை விட்டுத் தேடினார். ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தார். ஒன்று, ஆறு, ஆறு, நாலு, எட்டு, ஐந்து.

ஆறு கட்டங்களும் எதிரே காலியாக நின்றன. கையை நீட்டினால் எட்டும் தூரம். அவர் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே இறங்கித் தெருவைக் கடந்தார். தன் வாழ்நாளில் அவர் ஒரு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று தெரியாமல் இரண்டு முறை மெதுவாகத் தட்டினார்.

மிக்கேலம்மாள் கதவைத் திறந்தாள்.

"என்ன அண்ணே?"

"நம்பர் வந்துருக்கு," என்றார் கஸ்பார். "எனக்கு."

"மறுபடியும் பூட்டிக்கிச்சா?"

"இல்ல. பாஸ்வேர்டு தெரியும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எதிர்வீட்டுத் திறந்த கதவைப் பார்த்தாள்.

"எத்தன நிமிசம் இருக்கு?"

"அஞ்சு இருக்கும்."

"உள்ள வாங்க. காப்பி போடுதேன்."

"காப்பி போட்டா நேரம் போயிருமே."

"போட்டும்," என்று சொல்லி, அவள் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து இடம் பண்ணினாள்.